செயலாளர் வீட்டுத் தோல்முட்டை

"உங்க கேள்வியே தப்புங்க," என்கிறார் செயலாளர், கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. இரண்டு கைகளும் நகலெடுக்கும் இயந்திரத்தின் மேல் யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை நேராக்கிக்கொண்டிருக்கின்றன. "புறா ஏன் சாப்பிடலன்னு கேக்கக் கூடாது. நான் என்ன குடுத்தேன்னு உங்களையே கேட்டுக்கணும். சரி, என்ன குடுத்தீங்க?" மறுமுனை ஏதோ சொல்கிறது. அதை அவர் கேட்பதில்லை. பதில் முன்பே தயாராக இருக்கிறது. இயந்திரம் சான்றிதழைக் கோணலாக நகலெடுத்துத் துப்புகிறது. "கொஞ்சம் சாஞ்சிருக்குங்க," என்று சான்றிதழுக்கு உரியவர் தயங்கிச் சொல்ல, செயலாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்க்கிறார். "நேராத்தான் இருக்கு. நீங்க பிடிச்சிருக்கிறதுதான் கோணல்."

நகல், அச்சு, லேமினேஷன் என்று கடையில் மூன்று வேலைகள். அவர் மனம் லேமினேஷனில்தான். ஒரு தாள் அந்தச் சூடான உருளைகளுக்குள் நுழைந்து பளபளவென்று வெளியே வந்துவிட்டால், அதில் எழுதியிருப்பது உண்மையாகிவிடுகிறது என்பது அவர் எண்ணம். கடையில் 'கண்ணாடியை விரலால் தொடாதீர்', மாடிப்படியில் 'படியில் உட்கார்ந்து பேசாதீர்', வீட்டுக் குளியலறையில் 'குழாயை இறுக்கி மூடவும்', மொட்டை மாடியில் புறாக்கூண்டுக்கு மேலே 'கேட்டுவிட்டுத் தொடவும்'. குழாய் பற்றிய அறிவிப்புக்கு நேர் கீழே குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. வாஷர் போய்விட்டது. அறிவிப்பு அப்படியே புதிதாக இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயது. ஆள் சின்னது, குரல் பெரியது. கண்ணாடியைக் கழற்றினால் பதில் வரப்போகிறது என்று அர்த்தம். திரும்ப மாட்டிக்கொண்டால் பதில் முடிந்துவிட்டது, இனி யாரும் பேசக் கூடாது என்று அர்த்தம். அவரை ஏன் செயலாளர் என்று அழைக்கிறோம் என்றால், புறா வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பதினோரு உறுப்பினர்கள். தலைவர் வெளிநாடு போய் நான்கு வருடமாகிறது. அவர் போனதிலிருந்து சங்கம் நன்றாக நடப்பதாகச் செயலாளர் சொல்வார்.

நான் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். எனக்கு மேலே மொட்டை மாடியும் அவர் புறாக்களும், எனக்குக் கீழே அவரும் அவர் மனைவியும். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு கட்டுத் தாளோடு வந்துவிட்டார். 'புறா வளர்ப்போர் கேட்கும் நூறு கேள்விகள்' என்ற கைப்புத்தகம் அது. உண்மையில் ஜனங்கள் கேட்டவை ஐம்பத்தெட்டுதான். மீதியை இவரே கேட்டு இவரே பதில் சொல்லியிருந்தார். "நூறுன்னாத்தான் சார் கையில எடுப்பாங்க. அம்பத்தெட்டுன்னா என்னவோ மிச்சம் வெச்ச மாதிரி இருக்கும்." நாற்பத்தோராவது கேள்வியும் எழுபத்திரண்டாவது கேள்வியும் ஒன்றுதானே என்று சுட்டிக்காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல கேட்டவர் வேற, பின்னால கேட்டவர் வேற." மாட்டிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தின் அறுபத்து மூன்றாவது கேள்வி இது: 'என் புறா தோல்முட்டை இடுகிறது. என்ன செய்வது?' தோல்முட்டை என்றால் ஓடு பிடிக்காமல் வெறும் சவ்வோடு வந்து விழும் முட்டை. கையில் எடுத்தால் நீர் நிரப்பிய பலூன் மாதிரி குழையும். அதற்கு அவர் எழுதியிருந்த பதில் ஒரே வரி: 'கவனமாக வளர்ப்பவர் வீட்டில் இது நடப்பதில்லை.'

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண்மணி. பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பின்பக்கம் இருபது வருடமாகப் புறா வளர்க்கிறார். புத்தகம் வந்த பிறகு சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து தன் புறா இன்னும் தோல்முட்டை இடுவதைச் சொன்னபோது, செயலாளர் புத்தகத்தை விரித்து அந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். வேன் அக்கா தன் உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது லேமினேட் செய்த அட்டை. கிழித்துப் போட வழியில்லாததால்தான் வைத்துவிட்டுப் போனார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செயலாளரிடம் ஒன்பது ஜோடிப் புறாக்கள் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் கண். தூய வெள்ளை விசிறிவால் பெட்டை. கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. கோப்பைக்குப் பக்கத்தில் அது நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படம் கடையில் மாட்டியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் செயலாளரும் இருக்கிறார், பாதி. மனைவியை 'இந்தா' என்று கூப்பிடுகிறவர் அந்தப் புறாவை 'மேடம்' என்பார். "மேடம் குளிச்சாங்களா?" "மேடம் இன்னிக்கு கோவமா இருக்காங்க." அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தில் எது கூடுதல், எது குறைச்சல் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, மேடத்துக்குத் தானியம் புடைப்பார்.

பரிசு வாங்கியதிலிருந்து மேடத்தின் குஞ்சுக்கு ஏகப்பட்ட போட்டி. சங்கத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். செயலாளர் பட்டியல் போட்டார். யாருக்கு முதல் குஞ்சு, யாருக்கு இரண்டாவது என்று எண் போட்டு, லேமினேட் செய்து, கூண்டுக் கதவில் தொங்கவிட்டார். பட்டியலில் மேலே ஏற வேண்டும் என்பதற்காக ஜனங்கள் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு தலைகள் ஆடியதில்லை.

ஆனால் புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். அடைகாத்து, குஞ்சை ஆளாக்கி, பிறகுதான் அடுத்தது. அதுவரை பட்டியல் காத்திருக்குமா? மேடம் முட்டை இட்டதும் அதை எடுத்து வேறொரு ஜோடிக்கு அடியில் வைத்துவிடுவார். கூடு காலியானதைப் பார்த்து மேடம் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி இடும். அதையும் எடுப்பார். வெயில் பட்டால் வெள்ளை மங்கிவிடும் என்று கூண்டின் மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டினார். கூண்டுக்குள் சிப்பித் தூளும் பொடிக்கல்லும் வைத்திருந்த தட்டு, மேடத்தைப் படமெடுக்கும்போது அசிங்கமாக விழுகிறது என்று அதை எடுத்து வெளியே வைத்தார். பெட்டைப் புறாவுக்கு முட்டையின் ஓடு அந்தத் தட்டிலிருந்துதான் வருகிறது. இது அவருடைய புத்தகத்தில் பதினேழாவது கேள்விக்குப் பதிலாக இருக்கிறது. நான்தான் திருத்தினேன்.

ஒரு புதன்கிழமை மாலை துணி எடுக்க மாடிக்குப் போனபோது செயலாளர் எதிரே இறங்கி வந்தார். ஒரு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு வழியாக மஞ்சளாக ஏதோ வழிந்தது.

"கோந்து சார்," என்றார். "கடைக் கோந்து."

கோந்து மஞ்சளாக இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி படியில் நின்று சொன்னார். "தோல்முட்டைங்க. காகிதத்துல சுத்தி பையில வெச்சு எடுத்துட்டு வந்திருக்காரு, யாரும் பாத்துடக் கூடாதாம். சட்டைய துவைக்கிறது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

அடுத்த சில வாரங்கள் செயலாளர் குற்றவாளியைத் தேடினார். எதிர்க்கட்டடத்தில் சுவரைத் துளைக்கிற சத்தம் என்றார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லை என்று கட்டடக் காவலாளியிடம் பாய்ந்தார். நான் ராத்திரி இருமுவது மேடத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறதோ என்று என்னிடமே ஜாடையாகக் கேட்டார். கடைசியில் ஆண் புறாவின் மேல் பழியைப் போட்டு, "அவனுக்குப் பொறுப்பே இல்ல," என்று தனிக் கூண்டில் இரண்டு நாள் வைத்தார். பட்டியலில் இருந்தவர்கள் கேட்கத் தொடங்கியதும் விடுதலை செய்துவிட்டார். மேடத்தின் கூட்டில் இரண்டு பிளாஸ்டிக் முட்டைகளை வைத்தார். பார்க்க வந்த ஓர் உறுப்பினர், "முட்டையே என்ன வழவழப்பு பாருங்க," என்று நெகிழ்ந்து போனார்.

மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நாலு மாசமா நிக்காம முட்டை விட்டுக்கிட்டே இருக்கு. தட்டையும் எடுத்தாச்சு, வெயிலையும் மறைச்சாச்சு. ஒடம்புல கால்சியம் எங்கேர்ந்து வரும்?"

"உன் கேள்வியே தப்பு."

"நான் கேள்வி கேக்கல. சொல்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். செயலாளர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி கையில் இருந்தது, ஆனால் பதில் எதுவும் வரவில்லை.

"சார், கொஞ்சம் மேல வரீங்களா?"

மேடம் கூண்டின் மூலையில் தரையோடு உட்கார்ந்திருந்தது. இறகுகள் சிலிர்த்துப் பந்தாகியிருந்தன. கண் பாதி மூடியிருந்தது. வால் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி. விசிறி மடங்கிக் கிடந்தது. அவர் மனைவி பக்கத்தில் குந்தியிருந்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து முக்குது. முட்டை உள்ளயே சிக்கியிருக்கு. ஓடு இருந்தாலாவது நெட்டித் தள்ளும். இது குழகுழன்னு இருக்கும்போது எதைப் பிடிச்சுத் தள்ளும், பாவம்."

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தொடர்புகொள்ளவும் என்று பதிவுக் குரல் சொன்னது. செயலாளர் சட்டைக்குள்ளிருந்து தன் புத்தகத்தை எடுத்தார். அறுபத்து மூன்றைத் திறந்தார். அந்த ஒரு வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மூடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"வேன் அக்காவுக்குப் போன் போடுங்க," என்றார் மனைவி.

"அவங்க எடுக்க மாட்டாங்க."

"எடுக்கலன்னா எடுக்கல. கேக்காம நின்னீங்கன்னா உங்க மேடம் மத்தியானத்துக்குள்ள செத்துடுவாங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். "உங்க போன்லேர்ந்து பண்ணுங்க சார். யாரோ ஒரு நண்பரோட புறான்னு சொல்லுங்க."

பண்ணினேன். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டேன். வேன் அக்கா எடுத்தார். நண்பருடைய புறா ஒன்று முட்டை வெளியே வராமல் திணறுகிறது என்றேன்.

"என்ன வயசு?"

நான் செயலாளரைப் பார்த்தேன். மூன்று விரலைக் காட்டினார். "மூணு," என்றேன்.

"மூணு மாசமா, மூணு வருஷமா?"

பார்த்தேன். அவர் வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் வருஷம் என்றார். "வருஷம்."

"கடைசியா எப்ப நல்ல முட்டை விட்டுச்சு?"

இதற்கு விரலால் பதில் சொல்ல முடியவில்லை. செயலாளர் காற்றில் ஏதோ வரைந்தார். நான் விழித்தேன்.

"சரி," என்றது போன். "பக்கத்துல நிக்கிறாரே, அவர்கிட்ட குடுங்க."

செயலாளர் போனை வாங்கினார். வணக்கம் சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்தார். அது போதுமானதாக இருந்தது.

"நாலு மாசத்துல எத்தனை ஈடு விட்டுச்சு?" என்றார் வேன் அக்கா. பழைய கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ரெண்டு."

"உண்மையச் சொல்லுங்க. ரெண்டுன்னா ஒரு வைத்தியம். அதுக்கு மேலன்னா வேற வைத்தியம். பொய்க்கு வைத்தியம் பாத்தா புறா செத்துடும்."

செயலாளர் மேடத்தைப் பார்த்தார். வால் இறங்கியது, ஏறியது. "எட்டு," என்றார். குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "எட்டு ஈடு. கடைசி மூணும் தோலு."

"சரி. ஒரு அட்டைப் பெட்டியில துணி விரிங்க. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, துணியால சுத்தி, பக்கத்துல வைங்க. கிட்டத்துல ஒரு கிண்ணத்துல ஆவி பறக்கணும். வெளிச்சம் வேண்டாம், பேச்சு வேண்டாம். வயித்த அமுக்கித் தொலைச்சிடாதீங்க, உள்ள உடைஞ்சா முடிஞ்சுது. நான் வரேன்."

இருபது நிமிடத்தில் மஞ்சள் வேன் தெருவில் வந்து நின்றது. வேன் அக்கா ஒரு பையோடு மேலே ஏறி வந்தார். 'கேட்டுவிட்டுத் தொடவும்' என்ற அறிவிப்பின் கீழே குனிந்து, யாரையும் கேட்காமல் மேடத்தைத் தூக்கினார். பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, அலகோரமாகச் சொட்டுச் சொட்டாகத் திரவ கால்சியத்தை விட்டார். விரலில் எண்ணெய் தொட்டு, வால் அடியில் மெல்லத் தடவினார். குடிக்க ஒரு தண்ணீர்க் கிண்ணத்தோடு பெட்டியில் வைத்து மேலே துணி போட்டார். "இனி அது பாடு. நாம சும்மா இருக்கிறதுதான் உதவி."

சும்மா இருப்பது செயலாளருக்குப் பழக்கமில்லாத வேலை. எழுந்தார், உட்கார்ந்தார். பட்டியலைப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. துணிக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது, மனிதக் குரல் மாதிரியே. செயலாளர் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா," என்றார். அவரை அப்படி அவர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. "அதுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்," என்றார் வேன் அக்கா.

இரண்டு மணி சுமாருக்கு மேடம் எழுந்து நின்றதில் துணி மேலெழும்பி ஒரு குலுக்குக் குலுங்கியது. துணியைத் தூக்கிப் பார்த்தபோது கீழே சுருங்கிய ஒரு சவ்வும் மஞ்சள் நீரும் கிடந்தன. மேடம் தள்ளாடி நகர்ந்து தண்ணீர்க் கிண்ணத்தில் அலகை முக்கியது. நிறுத்தாமல் குடித்தது. செயலாளரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

வேன் அக்கா எழுந்து தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெயில் கூண்டுக்குள் விழுந்தது. "ஆறு மாசம் ஜோடி சேக்காதீங்க. ஆணைத் தனியா வைங்க. தட்டை உள்ள வைங்க. தினம் வெயில் படட்டும். வெள்ளை கொஞ்சம் பழுப்பானா ஆகட்டும், புறாதானே." பிறகு கதவில் தொங்கிய பட்டியலைப் பார்த்தார். படித்தார். செயலாளரே போய் அதைக் கழற்றினார். கிழிக்கப் பார்த்தார். முடியவில்லை. மடிக்கப் பார்த்தார். மடங்கவில்லை. கடைசியில் தானிய டப்பாவுக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்தார்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு போன மாதம் வந்தது. பிழை திருத்தியது நான்தான். அறுபத்து மூன்றாவது கேள்விக்கு இப்போது ஒன்றரைப் பக்கம் பதில். 'எமது நீண்டநாள் ஆய்வில் கண்டறிந்தவாறு' என்று தொடங்குகிறது. பெட்டி, வெந்நீர்ப் பாட்டில், ஆவி, எண்ணெய், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 'இம்முறையைச் சொல்லித் தந்தவர் ஒரு வேன் ஓட்டுநர்' என்று ஓரத்தில் நான் எழுதிச் சேர்த்தேன். 'இடமில்லை' என்று அடித்துவிட்டார். அதே பக்கத்தின் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தோல்முட்டை என்று இப்போது யாராவது கடைக்குப் போன் செய்தால், அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். எத்தனை ஈடு என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வேன் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேநீர் வேண்டாம் என்றுவிட்டார். மனைவி கையைப் பிடித்து நன்றி சொன்னார். செயலாளருக்கு அந்தச் சொல் வாய்வரை வந்து வந்து திரும்பியது. எங்களோடு படி இறங்கித் தெருவரை வந்தார். எங்கள் தெரு முட்டுச்சந்து. உள்ளே வந்த வண்டி பின்பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். வேன் அக்கா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியதும், செயலாளர் விடுவிடுவென்று ஓடி வேனுக்குப் பின்னால் போய் நின்றார். சைக்கிளில் வந்த ஒருவரைக் கையை நீட்டித் தடுத்தார். இன்னொரு கையை உயர்த்தி ஆட்டத் தொடங்கினார்.

"வரலாம், வரலாம். இடது பக்கம் ஒடிங்க. ஒடிங்க அக்கா. இன்னும் வரலாம்."

நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்தின் எல்லாச் சந்துகளிலும் வருடக்கணக்காகப் பின்பக்கம் ஓட்டிய பெண்மணி, ஒரே வீச்சில் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. பக்கக் கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துக்கொண்டு, கை சொன்ன இடத்தில் ஒடித்து, கை நின்ற இடத்தில் நின்று, அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். செயலாளர் வேர்த்து விறுவிறுக்கப் பின்னாலேயே நடந்து, தெருமுனை வரை வழி காட்டிக்கொண்டே போனார்.